‘இது பயிற்சி’ என்று சொல்லிப் பழகிய குரல்

எங்கள் ஆலையில் எல்லோருக்கும் அக்கா ஒருவர்தான். மேலாளருக்கும் அவர் அக்கா, வாசல் காவலாளிக்கும் அக்கா, அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்கா. முழுப் பட்டம் மைக் அக்கா. தொலைபேசி இணைப்பு கொடுப்பதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்வதும் அவர் வேலை. அவர் கணவர் அதே ஆலையில் ஃபிட்டர். அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்தால் அவர் எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டார். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். “அவளுக்கு முன்னாடியே இங்க சேர்ந்தவன் நான். எனக்குன்னு ஒரு பட்டம் கிடைக்கலையே” என்பார். கிடைத்த பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இரும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம்.

நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவன். பெட்டிகளை லாரியில் ஏற்றிவிடுவதோடு என் பொறுப்பு முடிந்தது. மீதி நேரம் ஊர்வம்பு. அதனால் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் வீட்டாருக்கே தெரியாது என்று பெருமையடித்துக்கொள்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆலை ஒரு பெரிய கிடங்கு, அவ்வளவுதான். ஊசிக்குழல், கையுறை, தையல் நூல், கட்டுத்துணி என்று மருத்துவமனைகளுக்குப் போகும் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் ஒரு பக்கம் உள்ளே வரும். கிருமியெல்லாம் செத்து மறுபக்கம் வெளியே போகும். நடுவில் ஓர் அறை. ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு தடிமனான கான்கிரீட் சுவர். அதற்குள் போக வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை, நடைபாதையின் வாயில் ஓர் இரும்புக் கதவு. அறைக்குள் ஆழமான தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அடியில், ஒரு சட்டத்தில் அடுக்கிய கோபால்ட் குச்சிகள். வேலை நடக்கும்போது கம்பிவடம் அந்தச் சட்டத்தைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கும். பெட்டிகள் சங்கிலியில் தொங்கியபடி அதைச் சுற்றி வரும். கதிர் பட்டுக் கிருமி சாகும். மனிதன் போய் நின்றால் மனிதனும் சாவான்; கதிருக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியாது. அதனால் யாராவது உள்ளே போகவேண்டுமென்றால் முதலில் சட்டம் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் மேலே இருந்தால் பயமில்லை.

புத்தகத்தில் அந்தக் குச்சிகளுக்குக் கதிர்மூலம் என்று பெயர். நாங்கள் மாப்பிள்ளை என்போம். ‘மாப்பிள்ளை குளிக்கிறார்’ என்றால் சட்டம் தண்ணீருக்குள் இருக்கிறது, உள்ளே போகலாம். ‘மாப்பிள்ளை எழுந்துட்டார்’ என்றால் எவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வீட்டு மாப்பிள்ளைக்குக் காட்டும் மரியாதை, பயம், முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் பதற்றம் எல்லாம் அவருக்கும் உண்டு. பாதுகாப்பு அதிகாரிக்கு இந்தக் கேலி பிடிக்காது. அவர் எதையும் ‘விதிப்படி’ என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் விதி சார். அவர் தலை தெரிந்ததும் யாராவது ‘விதி வருது’ என்று கிசுகிசுப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அரண்டுபோவார்கள்.

அக்கா அதற்கு முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எந்த வண்டி தாமதம், கைப்பையைத் தொலைத்தவர் எங்கே வரவேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அங்கேதான் அவருக்கு அந்த இன்னொரு தொண்டை முளைத்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர் பேசுவது அச்சுத் தமிழ். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கினால் ஓர் எழுத்தும் தேயாது. மைக்கை அணைத்த அடுத்த நொடி, “அந்தக் கதவைச் சாத்தித் தொலைங்கப்பா, காத்து அடிக்குது” என்பார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது என்பதை நம்பாத ஆள்கள் உண்டு. பிறகு பேருந்து நிலையத்தில் அவருடைய குரலையே பதிவு செய்து இயந்திரத்தில் போட்டுவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “என் குரலுக்கு அங்க வேலை இருக்கு, எனக்குத்தான் இல்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். மாமா வேலை பார்த்த ஆலையில் ஆள் தேவை என்றதும் வந்து சேர்ந்தார்.

அவர் அறை மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பெட்டி ஏற்றும் இடம் முழுவதும் தெரியும். இரும்புக் கதவும் தெரியும். மேசையில் தொலைபேசிப் பலகை, மைக், அறிவிப்பு அட்டைகள், ஒரு தண்ணீர்ப் பாட்டில். இருமல் வந்தால் அந்த வாரம் முழுக்க வெந்நீர்தான். குரல் விஷயத்தில் அவ்வளவு கறார்.

விதி சாரைப் பற்றி நான் கேலியாகச் சொன்னாலும் மனிதர் தன் வேலையில் சோம்பேறி அல்ல. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வரும். எங்கெங்கோ ஆலைகளில் அபாயமணியை நம்பாமல் உள்ளே போனவர்களின் கதைகளை அவர் சேர்த்துவைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். பாதிப் பேர் டப்பாவை மூடிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் பயிற்சியில் பயன் இல்லை என்பது அவர் கட்சி. அதனால் எப்போது அடிப்பது என்பதைத் தனக்கும் சொல்ல வேண்டாம் என்று கட்டுப்பாட்டு அறையிடமே விட்டுவிட்டார்; திடீர் திடீரென்று மணி அடிக்கும். அக்காவின் குரல் வரும். நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே போய் மரத்தடியில் நிற்போம்.

முதல் தடவை அப்படி மணி அடித்தபோது உண்மை என்று நினைத்து ஒரு சுமைதூக்கும் ஆள் மேடையிலிருந்து குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றைக்கே விதி சார் அக்காவின் அறிவிப்பு அட்டையில் இரண்டு சொற்களைச் சேர்த்தார். அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘இது பயிற்சி’ என்று சொல்லியாக வேண்டும். நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு யாரும் குதிக்கவில்லை.

அக்கா அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ‘கவனிக்கவும். இது பயிற்சி. கதிர்மூலம் நீருக்குள் இறங்கவில்லை. அனைவரும் கூடுமிடத்திற்குச் செல்லவும். மீட்புக் குழுவினர் கதவருகே செல்லவும். இது பயிற்சி.’ எங்களுக்கும் மனப்பாடம். அவருடைய மகள் வீட்டில் சோறு கேட்பதே அந்த ராகத்தில்தான் என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

பயிற்சி என்றால் அதற்கென்று சில சலுகைகள் தானாக வந்துவிடும். யாரும் உட்கார்ந்து தீர்மானித்தது இல்லை. உண்மையில் மாப்பிள்ளை பாதியில் நின்றால் கூரைமேல் ஏறி, கைப்பிடியைச் சுற்றி, கம்பிவடத்தை மெல்ல இறக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பயிற்சியில் சட்டம்தான் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கிறதே, எதற்கு வீணாகக் கைவலி என்று அந்தப் படியைத் தாண்டிவிடுவோம். மீட்புக் குழு நேராகக் கதவுக்குப் போகும். குழுவின் ஃபிட்டரிடம் ஒரு சாவி இருக்கும். தானியங்கிப் பூட்டு மக்கர் செய்தாலும் கதவைத் திறக்கிற சாவி. திறந்து, நடைபாதையில் இரண்டாம் வளைவு தாண்டி விழுந்துகிடக்கும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பொம்மைக்கு மேலாளரின் பழைய சட்டையைப் போட்டிருந்தோம். தூக்கும்போது ஒரு திருப்தி.

இன்னொரு சலுகை கருவி விஷயத்தில். கதவருகே சுவரில் இரண்டு கதிர்மானிகள் தொங்கும். கதிர் இருந்தால் கத்துகிற கைக்கருவி. ஒரு பயிற்சியில் அவசரத்தில் யாரோ அதைக் கீழே போட்டு, புதிது வாங்க ஆலை அழுதது. அப்போதிருந்து பயிற்சிக்கு என்று செத்துப்போன பழைய கருவி ஒன்றை மாட்டிவைத்தோம். கையில் ஏதோ ஒன்று இருந்தால் போதும், பார்வைக்கு. விதி சாருக்கும் இது தெரியும். விதிப்படி சரியில்லைதான், ஆனால் நல்ல கருவி உடைந்தால் இன்னும் சரியில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஆக, ‘இது பயிற்சி’ என்று அக்கா சொன்னால் நாங்கள் மெதுவாக நடப்போம், கூரைக்குப் போகமாட்டோம், செத்த கருவியை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போவோம். அந்த இரண்டு சொல்லுக்கு அவ்வளவு பொருள் சேர்ந்துவிட்டது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரம் மீட்புக் குழுவில் மாமாவின் முறை. அதற்கு முந்தின நாள் வீட்டில் பீரோவைத் தனியாக நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தனியாக நகர்த்தாதீர்கள் என்று அக்கா ஏற்கெனவே தலைபாடாக அடித்துக்கொண்டிருந்ததால் வலியை வெளியே சொல்ல முடியவில்லை. காலையில் விறைப்பாக நடந்து வேலைக்கு வந்து, ஆலைக்குள் நுழைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். சங்கிலிக்காரரிடம் போய், “அண்ணே, இன்னைக்கு என் முறையை நீங்க பாத்துக்கறீங்களா? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

சங்கிலிக்காரர் பெட்டிகள் தொங்கும் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகன் வேறு ஊரில். வீட்டில் காத்திருக்க ஆளில்லாததால் யார் முறையை மாற்றச் சொன்னாலும் “சரி, எனக்கென்ன” என்பார். நாங்கள் எல்லோரும் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கும் “சரி, எனக்கென்ன” என்று சாவியை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

முன்பகலில் ஒரு கையுறைப் பெட்டியின் அடிப்பக்கம் பிரிந்து, அட்டை மடங்கி, சட்டத்துக்கும் அதன் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே சொருகிக்கொண்டது. உள்ளே நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் இயந்திரத்தை ஓட்டுகிற இயக்குநர் பார்த்தது, சங்கிலி நின்றதையும், சட்டத்தை இறக்கப் பொத்தானை அழுத்தியும் அது பாதி வழியில் நின்றுவிட்டதையும்தான். மணி அடிக்கத் தொடங்கியது. அவர் உடனே அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“அக்கா, மாப்பிள்ளை இறங்கல. பாதியில நிக்குறாரு. சொல்லிடுங்க.”

அக்கா ரிசீவரை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மைக்கைப் போட்டார். முதுகு நிமிர்ந்தது, தொண்டை மாறியது, வாக்கியம் தானாக வந்தது. ‘கவனிக்கவும். இது பயிற்சி. கதிர்மூலம் நீருக்குள் இறங்கவில்லை.’ கடைசி எழுத்துவரை பிசகில்லாமல் சொல்லி முடித்தார். ‘இது பயிற்சி.’

கீழே நாங்கள் ஆசுவாசமானோம். மணிச்சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு திடுக்கிடல் வரும். அந்த இரண்டு சொல் வந்ததும் அது போய்விடும். நான் கையிலிருந்த தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தூக்கு வண்டி ஓட்டுநர் பாதி தூக்கிய பெட்டியை நிதானமாக அடுக்கி வைத்தார். சங்கிலிக்காரர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, குழுவில் மற்றவர்களுக்கு முன்பாகக் கதவருகே போனார். சுவரில் தொங்கிய இரண்டு கருவிகளில் செத்ததை எடுத்துக் கழுத்தில் போட்டார். சாவியை நுழைத்தார். பொம்மையைச் சீக்கிரம் தூக்கிவந்துவிட்டால் மிச்ச எண்ணெய் வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

மாடியில் அக்காவின் கையில் ரிசீவர் இன்னும் இருந்தது.

“அக்கா, ஏன் பயிற்சின்னு சொன்னீங்க?” என்றார் இயக்குநர்.

“சொல்லலையே.”

“ரெண்டு தடவை சொன்னீங்கக்கா. இது பயிற்சி இல்லக்கா. நிஜமாவே நிக்குது.”

அக்கா கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். நீலச் சீருடை, தலைக்கவசம், கொஞ்சம் கூனிய முதுகு. இரும்புக் கதவு திறந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் ஃபிட்டர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான். இந்த வாரம் யார் முறை என்பது அக்காவுக்குத் தெரியும். வீட்டு நாள்காட்டியில் அவரேதான் குறித்து வைத்திருந்தார்.

தவறான அறிவிப்பைத் திருத்தவும் ஓர் அட்டை இருந்தது. ‘முந்தைய அறிவிப்பு திருத்தப்படுகிறது’ என்று தொடங்கும். அதையும் நாங்கள் பயிற்சியில் கேட்டிருக்கிறோம். நடுவில் குழப்பம் வந்தால் என்ன செய்கிறோம் என்று பார்க்க விதி சார் அதையும் சொல்லவைப்பார். அக்கா அந்த அட்டையை எடுத்துப் படித்திருந்தால் சங்கிலிக்காரர் ‘இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பயிற்சி போல’ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். ஆனால் அக்கா அப்படியெல்லாம் யோசித்து அட்டையைத் தவிர்க்கவில்லை. அட்டை கண்ணிலேயே படவில்லை. தன் புருஷன் சாகப்போகிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. மைக்கைப் பிடித்தார்.

“ஏங்க, உள்ள போகாதீங்க. ஏங்க. நில்லுங்க. நிஜமாவே இறங்கலங்க.”

அந்த ஒலிபெருக்கிகளில் அதுவரை அப்படி ஒரு தமிழ் வந்ததில்லை. எல்லாமே அச்சுத் தமிழாக இருந்த இடத்தில் யாரோ எங்கள் வீட்டுச் சமையலறையைத் திறந்துவிட்டது போலிருந்தது. எங்கள் வீடுகளில் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏங்க’தான். அதில் பெயர் இல்லாததால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆலையில் இருந்த கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். தூக்கு வண்டி கிறீச்சென்று நின்றது. மேற்பார்வையாளர் தூக்கிய கையைக் கீழே போடவில்லை. கூடுமிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த விதி சார் ஒரு காலை முன்னால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். தேநீர் அறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா, நிமிராமலே, “என்ன?” என்றார். நானும் நின்றேன். என் மனைவி எங்கே இங்கே வந்தாள் என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன்.

சங்கிலிக்காரரும் நின்றார். ஒரு கால் நடைபாதைக்குள், ஒரு கால் வெளியே. கழுத்தில் தொங்கிய கருவி வாயே திறக்கவில்லை. சில நொடி அப்படியே நின்றவர், உள்ளே வைத்த காலை எடுத்தார். கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டினார். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார்.

அக்கா மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தார். தேநீர் அறை வாசலில் மாமா நிற்பதைப் பார்த்தார். பிறகு கதவருகே நிற்பது யார் என்று பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா இடுப்பு வலியை மறந்து குனிந்து தூக்கப் போய், ‘அம்மா’ என்று அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்த நேரத்தில்கூட எனக்குச் சிரிப்பு வந்தது. என் சுபாவம் அப்படி.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் விதிப்படி. வெளியே ஒருவருக்கும் ஆபத்து இல்லை. சுவர் தடிமன் எதற்கு இருக்கிறது. இயக்குநரும் விதி சாரும் கூரைக்குப் போய் கைப்பிடியைச் சுற்றினார்கள். பயிற்சியில் ஒரு தடவைகூடச் சுற்றாத கைப்பிடி. முதலில் அசையவே இல்லை. கொஞ்சம் மேலே ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மடங்கிய அட்டை நழுவும்வரை போராடினார்கள். விதி சாரின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பிற்பகலில் பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை குளிக்கப் போய்விட்டார்.

சங்கிலிக்காரரின் சட்டையில் குத்தியிருந்த, உடம்பில் பட்ட கதிரை அளக்கிற அட்டையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவர் வைத்தது ஓர் அடி, முதல் வளைவையே எட்டவில்லை, ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாம் வளைவைத் தாண்டியிருந்தால் பொம்மையைத் தூக்கவே நேரம் இருந்திருக்காது என்பதையும் எல்லோரும் சொன்னார்கள், அக்காவுக்குக் கேட்காமல். முடிவு வரும்வரை அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இணைப்பு கேட்டால் கொடுப்பார், வேறு பேச்சில்லை. சங்கிலிக்காரர் எதிரே வந்தால் வேறு வழியில் போய்விடுவார். முடிவு வந்தது, வழக்கமான மாதங்களில் இருப்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டுவிட்டு அக்கா கழிவறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தார்.

வெளியிலிருந்து விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். உண்மையான நிலைமையில் பயிற்சி என்று ஏன் அறிவித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார்கள்.

“எனக்குத் தெரியலீங்க. அதைச் சொல்லித்தான் பழக்கம். அது இல்லாம அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளும் சொல்லிப் பாக்கல.”

அடுத்து விதி சார் பேசினார். அட்டையை எழுதியது தான் என்றும், செத்த கருவி தொங்கியதும் கூரைப் படியைத் தாண்டியதும் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவர் ‘விதிப்படி’ என்று ஆரம்பிக்காமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்ததும் அன்றைக்குத்தான்.

சில விஷயங்கள் மாறின. செத்த கருவியை உடைத்துக் குப்பையில் போட்டார்கள். பயிற்சியிலும் கூரைக்கு ஏறிக் கைப்பிடியைச் சுற்றியாக வேண்டும். பயிற்சி அறிவிப்பை இனி விதி சார் தன் குரலில் செய்வார். அக்காவின் குரல் உண்மைக்கு மட்டும். அந்த உண்மை வாக்கியத்தில் ‘பயிற்சி’ என்ற சொல்லே வராது. ‘கதவருகே போகாதீர்கள்’ என்றுதான் தொடங்கும். அதைப் பழக அக்கா வாரம் ஒருமுறை மைக்கை அணைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் அன்றைய சம்பவத்தை ‘அறிவிப்பாளர் முறைசாரா விளிச்சொல்லைப் பயன்படுத்தி எச்சரித்தார்’ என்று எழுதியிருந்தார்கள். இதைக் கேட்ட மாமா, “முப்பது வருஷமா என்னை முறைசாராம விளிச்சுக்கிட்டு இருக்கா” என்றார்.

தேநீர் அறையில் கொஞ்ச நாள் இதே பேச்சு. இனிமேல் மீட்புக் குழுவில் கல்யாணமான ஆள்களை மட்டும் போடுங்கள், மற்றவன் நிற்கமாட்டான் என்று நான்தான் சொன்னேன். நல்ல சிரிப்பு எழுந்தது. மூலையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த சங்கிலிக்காரரும் சிரித்தார். விசாரணையில் எது உங்களை நிறுத்தியது என்று கேட்டதற்கு அவர், “சத்தம் கேட்டுச்சு, நின்னேன்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரு மாலை ஆலைப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் சங்கிலிக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா ஏறினார். வழக்கமாக மாமா பக்கத்தில் போய் உட்காருபவர், அன்றைக்குச் சங்கிலிக்காரரின் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பேசினார். காது கொடுத்துக் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“உங்களை உள்ள அனுப்பினது நான்தான்.”

“நிறுத்தினதும் நீதானேம்மா. விடு.”

“இல்லண்ணே. நான் உங்களை நிறுத்தல. அவருன்னு நினைச்சு அவரைத்தான் கூப்பிட்டேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அண்ணேன்னுதான் கூப்பிட்டிருப்பேன். அப்படிக் கூப்பிட்டிருந்தா நீங்க நின்னிருப்பீங்களா? அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பாக்குறேன்.”

சங்கிலிக்காரர் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்தார்.

“நின்னிருக்க மாட்டேன்மா. ஆலையில எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க. வேலையை முடிச்சிட்டு வர்றேன்னு போயிருப்பேன்.”

வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியது. சங்கிலிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“ஏங்கன்னு கேட்டதும் கால் நின்னுடுச்சு. என்னை அப்படிக் கூப்பிட இப்ப ஆளில்லைங்கறது, நின்னதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”